ஆட்டோபைலட் ஓட்டும்போது கண்காணிப்பவருக்கு வரும் மெத்தனம்: பார்த்தும் பார்க்காமல் போவது ஏன்?

வடசேரி இணைவிமானி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரி எனது ஊர். மூன்று ஆண்டுகளாக ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இணைவிமானியாகப் பணியாற்றி வருகிறேன். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆனால் சில நாட்களுக்கு முன் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. விமானத் துறையிலும் அதை ஒத்த வேறு பணிகளிலும் நீண்ட காலம் இருந்த நம் மாவட்டத்தவர் பலர் இங்கே எழுதுவதால், உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

அன்று இரவு அது எங்களுக்கு நான்காவது பயணம். கேப்டன் ஓட்டும் பொறுப்பில் இருந்தார். நான் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தேன். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலெழுந்த சிறிது நேரத்திலிருந்து தரையிறங்குவதற்குச் சற்று முன்பு வரை பெரும்பாலும் ஆட்டோபைலட்தான் விமானத்தைச் செலுத்துகிறது. ஓட்டுபவர் அதற்குக் கட்டளை இடுகிறார். கண்காணிப்பவர் வானொலியில் பேசுவதோடு, இட்ட கட்டளை சரியா, இயந்திரம் அதன்படியே நடக்கிறதா என்பதையும் பார்க்கிறார். இயந்திரம் எந்த மோடில், அதாவது எந்த இயக்க முறையில், இருக்கிறது என்பது எங்கள் இருவர் முன்பும் உள்ள திரையின் உச்சியில் ஒரு வரிசையாகத் தெரியும். மோடு மாறினால் புதிய எழுத்துகளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் 10 வினாடி நிற்கும்.

கணினி கணக்கிட்டிருந்த இடத்துக்கு முன்பாகவே கீழே இறங்குமாறு கட்டுப்பாட்டு மையம் சொன்னதால், நிமிடத்துக்கு 1000 அடி என்ற மெதுவான வீதத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்படியே விட்டிருந்தால், கணக்கிட்ட பாதையை எட்டியதும் இயந்திரமே வீதத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். இடையில் கட்டுப்பாட்டாளர் வழித்தடத்தை விட்டு வேறு திசைக்குத் திரும்பச் சொன்னார். கேப்டன் திசைக் குமிழை இழுத்தார். அப்படி இழுக்கும்போது, கணினி திட்டமிட்டு இறங்கும் டெஸ் என்ற மோடு கைவிடப்பட்டு, அந்தக் கணத்தில் இருக்கும் வீதத்தையே பிடித்துக்கொண்டு போகும் வி.எஸ். என்ற மோடுக்கு இயந்திரம் தானாக மாறிவிடும். இது எனக்குத் தெரியாத செய்தி அன்று. பயிற்சியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன், பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். கேப்டன் புதிய திசையைச் சொன்னார். நான் திரையைப் பார்த்து, சரிபார்த்துவிட்டேன் என்ற பொருளில் "செக்ட்" என்றேன். இயந்திரம் 1000 அடி வீதத்திலேயே போய்க்கொண்டிருந்தது. சில நிமிடங்கள் கழித்துக் கேப்டன்தான், "நாம் ஏன் இன்னும் இவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்?" என்று கேட்டார். இறக்கைகளின் மேல் உள்ள வேகத்தடைத் தகடுகளை விரித்து உயரத்தைக் குறைத்து ஒழுங்காகவே தரையிறங்கினோம். பயணிகள் யாரும் எதையும் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

நான் தூங்கவில்லை, கைப்பேசியைப் பார்க்கவில்லை, வேறு எதையும் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. அந்த வெள்ளைக் கட்டம் என் கண் முன்னால்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் "செக்ட்" என்றேன். ஆனாலும் அதை நான் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதுதான் அச்சமாக இருக்கிறது. தெரியாமல் செய்த பிழை என்றால் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தெரிந்தே, விழித்திருந்தே நிகழ்ந்த இதை எப்படித் திருத்துவது? இது என் குணத்தில் உள்ள குறையா? "இன்னும் கவனமாக இரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற கேப்டன், கோட்டாறு

தம்பிக்கு வணக்கம். முதலில் ஒன்று: நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கும் இதை இதே நேர்மையோடு எழுதிக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொடுக்கவில்லை என்றால் விடுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

"இன்னும் கவனமாக இரு" என்ற அறிவுரையை நானும் என் இளமையில் பலமுறை கேட்டிருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அதனால் பயன் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ராடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் ஆக ஆக, திரையில் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். அதை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகார முள்ளைச் சீராக நகரவிட்டு, எப்போதாவது மட்டும் அது ஒரே நேரத்தில் இரண்டு படி தாவும்படி அமைத்து, அந்தத் தாவலைக் கண்டால் தெரிவிக்குமாறு மனிதர்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கியது. அது 1948இல் வெளியான ஆய்வு. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அரிதாக நிகழும் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு இயல்பான வேலை அன்று.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1993இல் ராஜா பரசுராமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த சோதனை. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்துகொண்டே ஒரு தானியங்கி அமைப்பையும் கண்காணிக்கச் சொன்னார்கள். அந்த அமைப்பு எப்போதும் ஒரே சீரான நம்பகத்தன்மையோடு இயங்கியபோது, அதன் பிழைகளை மனிதர்கள் பெருமளவில் தவறவிட்டார்கள்; சில வேளை நன்றாகவும் சில வேளை மோசமாகவும் இயங்கியபோது மிகுதியாகக் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. வேறு வேலையே கொடுக்காமல் கண்காணிப்பை மட்டும் கொடுத்தபோது இந்த மெத்தனம் தோன்றவில்லை. அன்று வானொலி, புதிய திசை, இறங்குவதற்கான தயாரிப்பு என்று உங்கள் கையில் எத்தனை வேலை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரமோ முந்தைய நூறு பயணங்களிலும் ஒழுங்காக நடந்துகொண்ட இயந்திரம். மூளை எதை நம்பலாம் என்று கணக்குப் போட்டு, கவனத்தைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிட்டது. நூறு முறை சரியாக வந்த அதே கணக்குதான் நூற்றோராவது முறை தவறிப்போகிறது.

இந்த மோடு விவகாரம் நம் நாட்டிலேயே எவ்வளவு பெரிய விலை கேட்டது என்பதை உங்கள் தலைமுறை மறந்துவிடக் கூடாது. 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம், தெளிவான வானிலையில், ஓடுபாதைக்கு முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். எஞ்சின்கள் ஐடில் நிலையில், அதாவது மிகக் குறைந்த உந்துவிசையில், கிடக்கும் இறங்கு மோடில் அந்த விமானம் இருந்தது. உந்துவிசை தானாக வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் விமானிக்குத் திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர்கள் இரு பக்கமும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குறைவு இருவர் முன்பும் இருந்த திரைகளில் தெரிந்துகொண்டேதான் இருந்தது. இருந்த இருவருமே கேப்டன்கள். ஒருவர் மற்றவரைச் சோதிக்க வந்தவர். உந்துவிசையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த அறையில் இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு விமானி அறைக்குள் ஏறிய ஒவ்வொரு நாளும், மேல் வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்காமல் நான் ஓடுபாதையை நெருங்கியதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1992 ஜனவரி 20 அன்று, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதியது. 87 பேர் இறந்தனர். 3.3 பாகைச் சரிவு என்று நினைத்து இட்ட எண், வேறு மோடில் நிமிடத்துக்கு 3300 அடி என்று பொருள் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பதே விசாரணையில் வலுவாகத் தெரிந்த காரணம். எண் ஒன்று, மோடு மாறினால் பொருள் வேறு.

இனி நீங்கள் கேட்ட வழிக்கு வருகிறேன். திரையைப் பார்ப்பதற்கு முன் அதில் என்ன தெரிய வேண்டும் என்பதை மனத்துக்குள் சொல்லிவிடுங்கள். கேப்டன் குமிழின் மீது கை வைக்கும்போதே, "இப்போது டெஸ் போய் வி.எஸ். வர வேண்டும், வீதம் இப்போதைய ஆயிரத்திலேயே நிற்கும்" என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தால், பிறகு கண் திரைக்குப் போகும்போது ஒரு கேள்வியோடு போகும். கேள்வி இல்லாமல் போகும் கண், தான் எதிர்பார்த்ததையே கண்டுவிட்டுத் திரும்பிவிடும். அன்று நீங்கள் "செக்ட்" என்றது திரையை அன்று, கேப்டனுடைய குரலை. அந்தச் சொல்லையே சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். கண்ணில் படும் எழுத்துகளை அப்படியே வாசியுங்கள். அதற்குக் கூடுதலாக ஆவது இரண்டு வினாடி.

எந்த நேரத்தில் குனிந்து வேலை செய்யலாம், எந்த நேரத்தில் கூடாது என்பதையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். உயரம் மாறிக்கொண்டிருக்கும்போதும், திசை திரும்பும்போதும், குறித்த உயரத்தை எட்ட 1000 அடி இருக்கும்போதும் கணினியில் தட்டச்சு செய்வதோ தாள்களைப் புரட்டுவதோ வேண்டாம். அந்த வேலைகள் சமநிலையில் பறக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே, முன்சக்கர விளக்கு ஒன்று எரியவில்லை என்பதற்காக ஒரு டிரைஸ்டார் விமானத்தின் விமானி அறையில் இருந்த அனைவரும் அந்தப் பல்பிலேயே மூழ்கியிருந்தபோது, 2000 அடியில் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட்டின் பிடி விலகி, விமானம் மெல்ல மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. உயரம் மாறுவதை எச்சரிக்கும் ஒலி அறைக்குள் ஒலித்தது. அது எவர் காதிலும் ஏறவில்லை.

குலசேகரம் பயணி

கேப்டன் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் பயணியின் இடத்திலிருந்து ஒரு மறுப்பைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளாக வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்திலும் பக்கத்து வீடுகளிலும் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறாதவர்கள் குறைவு. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டபோது, எங்கள் தங்குமிடத்தில் அந்த ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார் என்று பிறகு விசாரணையில் வந்தது. 2009இல் அமெரிக்காவில் இரண்டு விமானிகள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி ஏறத்தாழ 150 மைல் போய்விட்டார்கள். அவர்களுடைய உரிமத்தைப் பறித்தார்கள். அதுதான் சரியான நடவடிக்கை.

மூளையின் இயல்பு என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினால், பொறுப்பு என்ற சொல்லுக்கு என்ன இடம்? எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் முன்னால் இருப்பவர்கள் சம்பளம் வாங்குவதே கவனிப்பதற்காகத்தானே? தம்பியைப் புண்படுத்த இதை எழுதவில்லை. அவர் தாமாக வந்து கேட்டிருப்பதே அவர் பொறுப்பானவர் என்பதற்குச் சான்று. ஆனால் கண்டிப்பு தளர்ந்தால் ஆபத்து என்ற கவலையை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற கேப்டன், கோட்டாறு

உங்கள் கவலையை முழுவதும் ஏற்கிறேன் ஐயா. மடிக்கணினியைத் திறந்தவரைத் தண்டிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர் பார்க்காமல் இருக்கத் தாமே முடிவு செய்தவர். தம்பியோ பார்க்க முடிவு செய்து, பார்த்து, காணாமல் போனவர். இரண்டையும் ஒரே தண்டனையால் திருத்த முயன்றால், இரண்டாவது வகையினர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்; அந்தப் பிழை எங்கே, எந்த நேரத்தில் நிகழ்கிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1978 முதல் 1990 வரை விமானிகளின் செயல் காரணமாக நடந்த 37 பெரிய விபத்துகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், 31 விபத்துகளில் கண்காணிப்பதிலோ கண்டதைத் தட்டிக் கேட்பதிலோ குறை இருந்ததைக் கண்டது. அந்த விமானி அறைகளில் எல்லாம் பொறுப்பற்றவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. பொறுப்பு என்பது தமக்கு இந்தக் குறை உண்டு என்று அறிந்து, அதற்கேற்பத் தம் வேலையை அமைத்துக்கொள்வதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நாகர்கோவில் லோகோ பைலட்

விமானத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் தம்பி எழுதியதில் "பார்த்துத்தான் சொன்னேன், ஆனாலும் பார்க்கவில்லை" என்ற இடத்தைப் படித்தபோது என்னைப் பற்றியே யாரோ எழுதியது போல இருந்தது.

எங்கள் எஞ்சினில் விழிப்புக் கருவி ஒன்று உண்டு. ஓட்டுநர் 60 வினாடி எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் ஒரு விளக்கு மின்னும். அதற்கும் அசையவில்லை என்றால் ஒலி எழும். அதற்கும் அசையவில்லை என்றால் வண்டி தானாகப் பிரேக் பிடித்துவிடும். மயங்கி விழுந்தவரைக் கண்டுபிடிக்க அது மிக நல்ல கருவி. அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி செய்தவர்களுக்குத் தெரியும்: விளக்கு மின்னியதும் பொத்தானை அழுத்தக் கை தானாகக் கற்றுக்கொள்கிறது, மனம் வேறு எங்கோ இருக்கும்போதும் கை அழுத்திவிடும். ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னலில் அறைந்துகொண்டிருந்த நள்ளிரவில், கடந்து வந்த நிலையத்தின் பெயரை யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை ஒரு முறைகூட அந்தக் கருவி ஒலி எழுப்பவில்லை. விளக்குக்கு ஒவ்வொரு முறையும் என் கை பதில் சொல்லியிருக்கிறது.

எங்களைக் காப்பது சிக்னலைக் கையை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லும் வழக்கம்தான். நானும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் முதலில் "பச்சை" என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் இருக்கும் இளைஞர் என் மீதுள்ள மரியாதையால், நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே "பச்சை" என்று சொல்லிவிடுவார். அதனால் என்னோடு வரும் உதவியாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நீ முதலில் சொல், நான் பிறகு சொல்கிறேன். இளையவர் முதலில் சொல்லும்போது அவர் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. மூத்தவனாகிய நான் அவரை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. கேப்டன் ஐயா சொன்ன "குரலைப் பார்த்தாய், திரையைப் பார்க்கவில்லை" என்பதை நாங்கள் தண்டவாளத்தில் இப்படித்தான் சமாளிக்கிறோம். இந்த வரிசை மாற்றம் விமானத்தில் நடைமுறைக்கு ஒத்து வருமா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா சொல்ல வேண்டும்.

தூத்தூர் கப்பல் அலுவலர்

வணிகக் கப்பலில் இரண்டாம் அலுவலராக இருக்கிறேன். நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரையிலான காவல் என்னுடையது. கப்பலைச் செலுத்தும் அறையான எங்கள் பாலத்திலும் லோகோ அண்ணன் சொன்னது போன்ற எச்சரிக்கை மணி உண்டு. அதே அனுபவம்தான், அதை மறுபடி எழுதவில்லை.

நான் சொல்ல நினைப்பது வேறு ஒன்று. 1995 ஜூன் 10 அன்று ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல், பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போகும் வழியில், நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல் திட்டில் ஏறி நின்றது. பெர்முடாவை விட்டுக் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே ஓர் ஊகக் கணக்கைப் போட்டுக்கொண்டு, இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஊகக் கணக்கில் இருக்கிறேன் என்பதைத் திரையின் ஓரத்தில் சிறிய எழுத்துகளில் சொல்லவும் செய்தது. ஏறத்தாழ 34 மணி நேரம், ஒரு காவல் மாறி இன்னொரு காவல் வந்தும், எவரும் அந்த எழுத்துகளைக் காணவில்லை. முடிவில் கப்பல் தன் வழியிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. இதில் என்னை உலுக்குவது அடுத்த பகுதி. வழியில் இன்ன இடத்தில் ஒரு மிதவை வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்; ராடாரில் அந்த இடத்திலேயே ஒரு மிதவை தெரிந்தது. அது வேறு மிதவை. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டதால் அதன் அடையாளத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யவில்லை.

ஆகவே, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பார் என்று கேப்டன் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க அனுமதி கேட்கிறேன். எதிர்பார்ப்பை இயந்திரம் தந்த எண்ணிலிருந்து எடுத்து, அதே இயந்திரத்தின் திரையில் சரிபார்த்தால், அது தன்னைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ளும். எதிர்பார்ப்பு வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். எங்கள் அப்பா ஆழ்கடல் மீனவர். படகில் ஜிபிஎஸ் வாங்கிய பிறகும், கரை கண்ணுக்குத் தெரியும் வரை கணியம் பார்ப்பதை அவர் விடவில்லை. ஒரு மலை முகட்டையும் அதன் முன்னால் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு குறிகளை நேர்க்கோட்டில் வைத்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது என்று முடிவு செய்வார். பெட்டியின் எண்ணை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். இரண்டும் பொருந்தவில்லை என்றால் வலை இறங்காது. சிறுவனாக இருந்தபோது இதை அவருடைய பிடிவாதம் என்று நினைத்தேன். இன்று என் காவலில், அரை மணிக்கு ஒருமுறை ராடாரில் கரையின் தூரத்தை அளந்து, ஜிபிஎஸ் இடத்தோடு ஒப்பிட்ட பிறகே வரைபடத்தில் குறிக்கிறேன்.

விமானத்தில் தம்பிக்கு மலையும் கோபுரமும் கிடைக்காது. ஆனால் தூரமும் உயரமும் கிடைக்கும் அல்லவா? இவ்வளவு தூரம் பாக்கி இருக்கும்போது இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று மனக்கணக்காகவே போட முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வடசேரி இணைவிமானி

அனைவருக்கும் என் நன்றி. குலசேகரம் அண்ணன் எழுதியது எனக்குக் கசக்கவில்லை. அதைப் படித்த பிறகுதான் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கையை இன்று எழுதி அனுப்பினேன்.

தூத்தூர் அண்ணன் கேட்ட கணக்கு உண்டு. இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரங்களில் எடுத்து மூன்றால் பெருக்கினால், ஏறத்தாழ அத்தனை கடல்மைல் தூரம் தேவை. 15,000 அடி இறங்க வேண்டும் என்றால் 45 மைல். பயிற்சி விமானத்தில் இதை ஒவ்வொரு முறையும் போட்டோம். பெரிய விமானத்துக்கு வந்த பிறகு திரையே பாதையை வரைந்து காட்டுவதால் எப்போது விட்டேன் என்றே நினைவில்லை. அன்று அந்தக் கணக்கை ஒரு முறை போட்டிருந்தால், மோடைத் தவறவிட்டிருந்தாலும் உயரம் மிகுந்துபோவது அடுத்த நிமிடமே தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் இன்னும் கேட்க வேண்டும். அன்று நான் வி.எஸ். என்பதைக் கண்டிருந்தாலும், உடனே சொல்லியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேப்டனுக்கு என் அப்பாவின் வயது. அவருக்குத் தெரிந்தே செய்திருப்பார் என்று எண்ணி ஓர் அரை நிமிடம் காத்திருப்பேன். மூத்தவர் செய்வதை உடனே சுட்டிக்காட்டினால் அது மரியாதைக் குறைவு என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். இதை எப்படிக் கடப்பது?

ஓய்வுபெற்ற கேப்டன், கோட்டாறு

லோகோ தம்பி கேட்டதற்கும் இதற்கும் பதில் ஓரளவு ஒன்றே. மோடை யார் முதலில் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் நிறுவனத்தின் நடைமுறை வகுத்திருக்கும். அதை நீங்களாக மாற்ற வேண்டாம். ஆனால் கேப்டன் சொல்வதற்கு முன்பே உங்கள் மனத்துக்குள் சொல்லி முடித்துவிடுவதை எந்த நடைமுறையும் தடுக்காது. கேட்ட பிறகு பார்ப்பவராக இல்லாமல், பார்த்த பிறகு கேட்பவராக இருங்கள்.

மரியாதையைப் பற்றி: மங்களூரில் இணைவிமானி வாய் திறக்காமல் இல்லை. தரையிறங்காமல் மறுபடி மேலே எழும்புமாறு அவர் கேப்டனிடம் சொன்னது குரல்பதிவில் இருக்கிறது. சொல் இருந்தும் அது செயலாகவில்லை. ஆகவே சொல்வதை எளிதாக்குவதும், சொன்னதைக் கேட்டவர் ஏற்கும்படி செய்வதும் விமானம் கிளம்புவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கேப்டன் என்ன செய்தார் என்று சொல்லாதீர்கள். கருவி என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். "நீங்கள் மோடைக் கவனிக்கவில்லை, சார்" என்பது ஒரு மனிதரைப் பற்றியது. "வி.எஸ்., ஆயிரம்; பாதைக்கு மேலே 2000 அடி" என்பது விமானத்தைப் பற்றியது. இரண்டாவதைச் சொல்ல எந்த வயது வித்தியாசமும் தடையாக இருக்காது. கேப்டன் தெரிந்தே செய்திருந்தால் "ஆம், தெரியும்" என்பார், அவ்வளவில் முடிந்தது.

ஓட்டும் பொறுப்பு உங்களுக்கு வரும் பயணங்களில், வானிலையும் நடைமுறையும் இடம் கொடுக்கும்போது, கேப்டனிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஆட்டோபைலட்டை விலக்கிக் கையால் ஓட்டுங்கள். கையால் ஓட்டும்போது ஒரு விமானி வேகத்தையும் உயரத்தையும் தேடித் தேடிப் பார்ப்பார். அந்தத் தேடும் பழக்கம்தான் பிறகு கண்காணிப்புக்கும் கை கொடுக்கும்.

நான் கேப்டன் ஆன பிறகு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இணைவிமானியிடம் ஒன்றைச் சொல்வேன்: "இன்று நான் குறைந்தது ஒரு பிழையாவது செய்வேன். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் வேலை." இப்படிச் சொல்லாத கேப்டனோடு பறக்க நேர்ந்தால், "சார், ஏதாவது மாறுபாடு கண்ணில் பட்டால் உடனே படித்துவிடுகிறேன், சரியா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். எதிரே கைப்பை திறந்திருக்கும், தேநீர்க் கோப்பை பாதி காலியாகியிருக்கும், விமானம் இன்னும் தரையில்தான் நிற்கும். அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொன்ன கேப்டன் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வடசேரி இணைவிமானி

புரிகிறது ஐயா. திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்திலிருந்து பணிக்குத் திரும்புகிறேன். அன்றைய முதல் பயணம் அதே கேப்டனோடுதான் என்று பட்டியல் வந்திருக்கிறது. அவரிடம் இதைக் கேட்டுவிட்டு, நடந்ததை இங்கே எழுதுகிறேன்.